நீல வானில் மறைந்திருக்கும் திசை

திருவில்லிப்புத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. நரை அணில் சரணாலயம் என்று பலருக்கும் தெரிந்த காடு அது. மாலை வேளையில் அங்கு சென்றால் ஒரு விந்தையைக் கவனிக்கலாம். சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கும்போதே மலை அதனை மறைத்துவிடும். தோப்பில் நிழல் படரும். ஆனால் தலைக்கு மேலே வானம் நல்ல வெளிச்சத்துடன் நீலமாகவே இருக்கும். அந்த நீலத்தை அண்ணாந்து பாருங்கள். வடக்கே பார்த்தாலும் உச்சியைப் பார்த்தாலும் கிழக்கே சமவெளியின் மேலே பார்த்தாலும், நிறம் சற்றுக் கூடும் அல்லது குறையும். வேறு வேறுபாடு எதுவும் நமக்குத் தெரியாது.

ஆனால் வேறுபாடு இருக்கிறது. அதே காட்டின் பாறையிடுக்கில் கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீக்கு அது தெரியும். நமக்குத் தெரிய வேண்டுமானால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தகடு போதும். அந்த வேறுபாட்டுக்குத் தளவிளைவு என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் இதனையே முனைவாக்கம் என்பார்கள்.

தளவிளைவு என்றால் என்ன? ஒரு நீளமான கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டிவிட்டு மறுநுனியைக் கையில் பிடித்து உதறுங்கள். கயிற்றில் அலை ஓடும். கையை மேலும் கீழும் உதறினால் கயிறு மேலும் கீழும் அதிரும். பக்கவாட்டில் உதறினால் பக்கவாட்டில் அதிரும். இரண்டிலும் அலை ஓடும் திசை ஒன்றே. அதிர்வின் திசைதான் வேறு. இப்போது அந்தக் கயிற்றை நிற்கும் கம்பிகள் வைத்த ஜன்னல் வழியாகச் செலுத்தியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலும் கீழுமான அதிர்வு கம்பிகளுக்கு இடையே தடையின்றிப் போய்விடும். பக்கவாட்டு அதிர்வு கம்பியில் மோதி நின்றுவிடும்.

ஒளியும் இத்தகைய குறுக்கலையே. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்து, எந்தத் திசைக்கும் சலுகை இல்லாமல் இருக்கின்றன. ஏதாவது ஒரு காரணத்தால் ஒரு திசை அதிர்வு மட்டும் மிகுந்துவிட்டால் அதனைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். நம் கண் ஒளியின் பிரகாசத்தை அறியும், நிறத்தை அறியும். அதிர்வுத் திசையைக் கவனிப்பதில்லை.

ஜன்னல் கம்பியின் வேலையை ஒளிக்குச் செய்வது போலராய்டு தகடு. 1929-இல் அமெரிக்கரான எட்வின் லாண்ட் இதற்கு வழி கண்டார். அதற்கு முன் கால்சைட் படிகத்தை வெட்டி ஒட்டிச் செய்த நிக்கல் பட்டகமே பயன்பட்டது. விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. இன்றோ பழுதான கால்குலேட்டரின் முகப்பைப் பிரித்தால் போலராய்டு தகடு கிடைத்துவிடும். முப்பரிமாணத் திரைப்படத்துக்குத் தரும் கண்ணாடியும் ஆகும். ஆனால் அதில் கூடுதலாக ஒரு படலம் இருப்பதால், கண்ணாடியைத் திருப்பி, கண்ணுக்கு அருகே வர வேண்டிய பக்கம் வானத்தை நோக்கும்படி பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்துச் சுழற்றிவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று மாணவர்கள் வந்து நிற்பது ஆண்டுதோறும் நடப்பது.

தகடு கிடைத்தவுடன் அது எந்தத் திசை அதிர்வை விடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பளபளப்பான தரையிலோ மேசையிலோ ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் இடத்தைத் தகட்டின் வழியே பார்த்து, தகட்டைச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் கூச்சம் பெரும்பாலும் அடங்கிவிடும். இவ்வாறு எதிரொளிக்கும் ஒளியில் கிடைமட்ட அதிர்வே மிகுதி. ஆகவே கூச்சம் அடங்கிய நிலையில் தகடு செங்குத்து அதிர்வை மட்டும் விடுகிறது என்று பொருள். அந்தத் திசையில் மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கருவி தயார்.

இனி வானத்துக்கு வருவோம். சூரியன் தாழ்ந்திருக்கும் மாலையிலோ காலையிலோ, தலைக்கு நேர் மேலே உள்ள நீலத்தைத் தகட்டின் வழியே பார்த்துச் சுழற்றுங்கள். கால் சுற்று சுழற்றுவதற்குள் வானம் பளிச்சென்று இருந்த நிலையிலிருந்து கருநீலமாக மாறிவிடும். மற்றொரு கால் சுற்றில் மீண்டும் வெளுக்கும். சூரியன் மேற்கே இருக்கும்போது, மைக்கோடு வடக்குத் தெற்காக இருந்தால் பளிச். கிழக்கு மேற்காக இருந்தால் இருட்டு. அப்படியே வடக்கு வானத்துக்கும் தெற்கு வானத்துக்கும் செல்லுங்கள்; அங்கும் மாற்றம் நன்றாகத் தெரியும். கிழக்கு வானத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. ஆக, வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கு வரை வளைந்து செல்லும் ஒரு பட்டையில்தான் தளவிளைவு மிகுதி. அந்தப் பட்டையின் ஒவ்வொரு இடமும் சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி இருக்கிறது. சூரியன் நகர நகரப் பட்டையும் சேர்ந்து நகரும். (சூரியனையே தகட்டின் வழியே பார்த்துவிட வேண்டாம். தகடு கண்ணைக் காக்காது.)

இதனை முதலில் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் அராகோ, ஆண்டு 1809. ஏன் என்பதற்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. 1869-இல் டிண்டால் கண்ணாடிக் குழாய்க்குள் மிக நுண்ணிய துகள்களை உண்டாக்கி, அதில் ஒளியைச் செலுத்தி, ஒரு சிறு நீல வானத்தையே செய்து காட்டினார். அந்த நீலமும் பக்கவாட்டில் பார்க்கும்போது தளவிளைவுற்றிருந்தது. 1871-இல் இராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார்.

அவருடைய விளக்கத்தின் சாரம் இது. சூரிய ஒளி காற்றின் மூலக்கூறு ஒன்றின் மீது படும்போது, அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் அதிர்வுக்கு ஏற்ப ஆடுகின்றன. ஆடும் எலக்ட்ரான் தானே ஒரு சிறிய ஒளிமூலமாகி நாற்புறமும் ஒளியைச் சிதறுகிறது. நீல ஒளி சிவப்பைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சிதறும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும். ஊதாவையும் ஆழ்ந்த சிவப்பையும் ஒப்பிட்டால் சுமார் ஒன்பது மடங்கு. வானம் நீலமாக இருப்பது இதனால். ஆனால் நமக்கு இப்போது வேண்டியது வேறு. எலக்ட்ரான் தான் ஆடும் திசையின் நேர்க்கோட்டில் ஒளியை வீசுவதில்லை. கிழக்கு மேற்காக ஆடும் ஊஞ்சலை வடக்கே நின்று பார்த்தால் முழு ஆட்டமும் தெரியும். கிழக்கே தூரத்தில் நின்று நேராகப் பார்த்தால் பக்கவாட்டு ஆட்டம் ஏதும் தெரியாது அல்லவா? அதுபோலத்தான்.

மாலைச் சூரியனின் ஒளி மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அதன் அதிர்வுகள் செல்லும் திசைக்குக் குறுக்கே, அதாவது வடக்குத் தெற்காகவும் மேல் கீழாகவும்தான் இருக்க முடியும். உச்சியில் உள்ள மூலக்கூறை நாம் கீழிருந்து பார்க்கிறோம். மேல் கீழ் ஆட்டம் நம் பார்வைக் கோட்டிலேயே நடப்பதால் அதன் ஒளி நமக்கு வராது. எஞ்சுவது வடக்குத் தெற்கு ஆட்டம் மட்டும். வடக்குத் தொடுவானத்தில் உள்ள மூலக்கூறைப் பார்க்கும்போதோ வடக்குத் தெற்கு ஆட்டம் மறைந்து மேல் கீழ் ஆட்டம் எஞ்சுகிறது. கிழக்கே பார்த்தால் இரண்டு ஆட்டங்களும் முழுமையாகத் தெரியும்; எனவே தளவிளைவு இல்லை. தகடு காட்டியது அத்தனையும் சரியாக வந்துவிட்டது பாருங்கள்.

வீட்டிலும் செய்யலாம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று சொட்டுப் பால் மட்டும் விடுங்கள். இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்தி, அதற்குச் செங்கோணத்தில் நின்று தகட்டைச் சுழற்றிப் பாருங்கள். பாலைக் கூட்டினால் விளைவு மறையும். காரணம் பின்னால் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொலைவிலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரிவதும் இதே கதைதான். மலை பச்சை, இடையே உள்ள காற்று சிதறும் ஒளிதான் நீலம். அப்படியானால் அந்தக் காற்றொளியைத் தகட்டால் அடக்கிவிட்டு மலையைத் தெளிவாகப் பார்க்க முடியுமா? முடியும், ஆனால் நேரம் பார்க்க வேண்டும். திருவில்லிப்புத்தூரில் காலையில், சூரியன் உங்கள் முதுகில் காய, மேற்கே மலையைப் பார்த்தால் தகடு பயன்படாது. மலை சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் இருக்கிறது. அங்கே தளவிளைவு இல்லை. நண்பகல்தான் ஏற்ற நேரம். ஆண்டின் எந்த மாதமானாலும் நண்பகலில் சூரியன் வடக்குத் தெற்குக் கோட்டின் மேல் இருக்கும். ஆகவே நேர் மேற்குத் திசை அதற்குச் செங்கோணமாகவே அமையும். தகட்டை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் நீலத்திரை மெலிந்து, மலையின் மடிப்புகளும் பாறைகளும் முன்னே வருவது போலத் தோன்றும். மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாள் இது மிக அழகாகத் தெரியும்.

தகடே இல்லாமலும் தளவிளைவைக் காண ஒரு வழி உண்டு. அதற்குக் கண்மாய் வேண்டும். காற்றில்லாத காலையிலோ மாலையிலோ, வானம் துல்லியமாக இருக்கும்போது கரையில் நில்லுங்கள். தண்ணீரில் தெரியும் வானத்தின் பிம்பத்தை, கிடைமட்டத்திலிருந்து சுமார் 37 பாகை கீழ்நோக்கிப் பாருங்கள். கிழக்கே அல்லது மேற்கே பார்த்தால் தண்ணீர் வானம்போல் வெளுத்திருக்கும். வடக்கே அல்லது தெற்கே பார்த்தால் அந்த இடத்தில் கருமையான ஒரு திட்டு தெரியும். தண்ணீரின் தளவிளைவுக் கோணம் 53 பாகை. அந்தக் கோணத்தில் விழும் ஒளியில், படும் ஒளியும் எதிரொளிக்கும் ஒளியும் சேர்ந்த தளத்துக்குள் அமைந்த அதிர்வு எதிரொளிப்பதே இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது வடக்கு வானத்தின் ஒளியில் அந்த அதிர்வுதான் மிகுதி என்று மேலே கண்டோம். எதிரொளிக்க ஏதுமில்லை, தண்ணீர் கறுத்துப் போகிறது.

இந்தத் தந்திரத்தை ஒரு கருவியாகவே ஆக்கியவர் சர் சி.வி. இராமன். ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிம்பமே என்று இராலே பிரபு சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்து சென்று 'நார்க்குண்டா' என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த இராமன், தளத்தில் நின்று, சட்டைப்பையில் வைத்திருந்த சிறிய நிக்கல் பட்டகத்தின் வழியே, தளவிளைவுக் கோணத்தில் கடலைப் பார்த்தார். வானத்தின் பிம்பம் அணைந்தது. கடல் கறுக்கவில்லை, முன்னைவிட ஆழ்ந்த நீலத்தோடு தெரிந்தது. அப்படியானால் அந்த நீலம் வானத்தினுடையது அன்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறித் தருவது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே, செப்டம்பர் மாதத்தில், 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளிச்சிதறலைப் பற்றி ஆராய மாணவர்களைத் திரட்டினார்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் செண்பகத்தோப்பு மலைத்தொடரின் நிழலில் வளர்ந்தவர். திருவில்லிப்புத்தூருக்கு வடக்கே உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்து, திருவில்லிப்புத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்ற கே.எஸ். கிருஷ்ணன். 1923-இல் அவர் இராமனிடம் சேர்ந்தார்.

சிதறிய ஒளியோடு மிக மங்கலாக வேறு ஒரு நிறமும் கலந்து வருவதை இராமனின் குழுவினர் அந்த ஆண்டு முதலே கண்டிருந்தனர். அது என்ன என்பதுதான் கேள்வி. திரவத்தில் கலந்த அசுத்தம் ஏதோ ஒளிர்கிறது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அது பழைய செய்தியான ஒளிர்தல். இல்லை, மூலக்கூறே ஒளியின் நிறத்தை மாற்றிச் சிதறுகிறது என்றால் அது இயற்பியலுக்கே புதியது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: அரைகுறையான மங்கல் பச்சை. திரவத்தை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் "இன்னும் கொஞ்சம் அசுத்தம் இருக்கிறது" என்று ஒருவர் சொல்ல இடமுண்டு.

வழக்கைத் தீர்த்ததில் தளவிளைவுக்கு முக்கியப் பங்கு உண்டு. இத்தகைய திரவங்களின் சாதாரண ஒளிர்தல் தளவிளைவு அற்றது. ஒளியை விழுங்கிய மூலக்கூறு, அதைத் திருப்பித் தருவதற்குள் பலமுறை சுழன்று, தான் பெற்ற அதிர்வின் திசையை மறந்துவிடுகிறது. சிதறல் உடனுக்குடன் நிகழ்வது. அதற்கு மறக்க நேரமில்லை. கிளிசரினிலிருந்து வந்த மங்கலொளி நன்றாகத் தளவிளைவுற்றிருப்பதை வெங்கடேஸ்வரன் என்ற மற்றொரு மாணவர் கண்டதும் இராமன் விழித்துக்கொண்டார். 1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் இருட்டறையில் அமர்ந்தார். சூரிய ஒளியைக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தி, அந்த ஒளியை முற்றிலும் தடுக்கும் மற்றொரு வடிகட்டியைக் கண் முன்னே வைத்துக்கொண்டு, நிக்கல் பட்டகத்தைச் சுழற்றிப் பார்த்தார். பென்டேன் முதலான திரவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்துக்கு இடமின்றித் தளவிளைவைக் காட்டின. பிப்ரவரி 16-ஆம் நாள் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் சென்றது. மார்ச் 31-ஆம் நாள் இதழில் வெளியானது. நிறமாலையில் புதிய வரிகளைத் தனியே கண்டது பிப்ரவரி 28. அந்த நாளையே இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. கிருஷ்ணன் 1940-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகி, டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக 1947 முதல் பணியாற்றி, 1961-இல் மறைந்தார். ஒரு பட்டகத்தைச் சுழற்றிப் பார்த்ததில் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

வானத்துக்கே திரும்புவோம். தகட்டைச் சுழற்றியபோது வானம் கருநீலமானதே தவிர, முழு இருட்டாகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே சொன்ன எளிய விளக்கம் முழுதும் சரியென்றால் 90 பாகையில் தளவிளைவு நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டும். உண்மையில் மிகத் தூய வானத்திலும் 75 அல்லது 80 விழுக்காட்டுக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருண்டை வடிவானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல அதிராமல் அவை சிறிது ஒளியைச் சிந்திவிடுகின்றன. அதனால் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய ஆறு விழுக்காடு. பெரிய இழப்பு வேறிடத்தில்: ஒரு மூலக்கூறு சிதறிய ஒளியை இன்னொன்று மீண்டும் சிதறுகிறது, தரையிலிருந்து எழும் ஒளியும் சேர்கிறது, தூசு குட்டையைக் குழப்புகிறது. தம்ளரில் பாலைக் கூட்டியபோது நடந்ததும் இந்தப் பலமுறைச் சிதறல்தான். மேகம் தகட்டைச் சுழற்றினாலும் மாறாமல் வெள்ளையாகவே இருப்பதும் இதனாலேயே. கருநீல வானத்தில் மேகம் எடுப்பாகத் தெரியப் புகைப்படக்காரர்கள் இந்தத் தகட்டை லென்ஸ் முன்னே மாட்டுகிறார்கள்.

பலமுறைச் சிதறலைக் கணக்கில் கொண்டுவருவது எளிதன்று. இராலேக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு அது முழுமையாகத் தீராமல் கிடந்தது. தீர்த்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர், இராமனின் அண்ணன் மகன். 1940-களில் அவர் வகுத்த சமன்பாடுகள் 1950-இல் நூலாக வந்தன. வானத்தில் தளவிளைவு அறவே இல்லாத சில புள்ளிகள் உண்டு. அராகோ, பாபினே, புரூஸ்டர் என்று கண்டவர்களின் பெயராலேயே அவை வழங்குகின்றன. எளிய விளக்கப்படி அவை சூரியன் இருக்குமிடத்திலும் அதற்கு நேரெதிரேயும் இருக்க வேண்டும். ஆனால் பல பாகை தள்ளி இருக்கின்றன. ஏன் என்பது சந்திரசேகரின் கணக்கிலிருந்து தானாகவே விழுந்தது. அராகோவின் புள்ளியைத் தேடச் செண்பகத்தோப்பின் அமைப்பு வசதியானது. மேற்கே மலை, கிழக்கே திறந்த சமவெளி. சூரியன் அஸ்தமிக்கும் நேரத்தில் கிழக்குத் தொடுவானத்துக்கு மேல் சுமார் 20 பாகை உயரத்தில், நீட்டிய கையில் இரண்டு முஷ்டி அளவில், அந்தப் புள்ளி இருக்கும். அதற்குக் கீழே ஒருவிதமாகவும் மேலே அதற்குச் செங்கோணமாகவும் தளவிளைவு இருப்பதைப் பொறுமை உள்ளவர்கள் தகட்டால் கண்டுகொள்ளலாம்.

இனித் தேனீ. 1949-இல் கார்ல் வான் பிரிஷ், கூட்டிலிருக்கும் தேனீக்களுக்குச் சூரியனை மறைத்து, நீல வானத்தின் ஒரு துண்டை மட்டும் காட்டினார். அப்போதும் அவை பூ இருக்கும் திசையைத் தம் நடனத்தால் சரியாகக் காட்டின. மேலே ஒரு போலராய்டு தகட்டை வைத்துச் சுழற்றியதும் நடனத்தின் திசையும் திரும்பிவிட்டது! தேனீயின் கூட்டுக்கண்ணில் மேல்விளிம்பில் உள்ள சில கண்ணறைகள் புறஊதா ஒளியின் அதிர்வுத் திசையை அறிகின்றன. மலையோ மேகமோ சூரியனை மறைத்தாலும், கொஞ்சம் நீலம் தெரிந்தால் போதும். சூரியன் எங்கே என்று அதற்குத் தெரிந்துவிடும். நிலவொளியில் வானம் சிதறும் ஒளியும் இவ்வாறே தளவிளைவுற்றது. நம் மலைத்தேனீ நிலாக் காலத்தில் இரவிலும் தேன் தேடப் போகும். அப்போது இதனைப் பயன்படுத்துகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மனிதக் கண்ணும் முழுக் குருடு அன்று. 1844-இல் ஹைடிங்கர் என்பவர், தளவிளைவுற்ற ஒளியை உற்றுப் பார்க்கும்போது பார்வையின் நடுவில் மங்கலான மஞ்சள் குஞ்சம் ஒன்று தோன்றி மறைவதைக் கண்டார். மாலையில் உச்சி வானத்தில் அது சூரியன் இருக்கும் திசையை நோக்கிக் கிடக்கும். தகட்டைக் கண்முன் வைத்து அவ்வப்போது திருப்பிப் பழகினால் பலருக்கு அது பிடிபடுகிறது. சிலருக்கு எத்தனை நாள் முயன்றாலும் பிடிபடுவதில்லை.

தூசு தளவிளைவைக் குறைக்கும் என்றோம். இதனைத் திருப்பிப் பிடித்தால், தளவிளைவை அளந்து காற்றிலுள்ள தூசைப் பற்றி அறியலாம். 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் வானத்தின் நடுநிலைப் புள்ளிகள் இடம்மாறியது அக்காலத்திலேயே கவனிக்கப்பட்டது. இன்று செயற்கைக்கோள்கள் மேலிருந்து இதே அளவீட்டைச் செய்கின்றன. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா ஏவிய 'பேஸ்' செயற்கைக்கோளில் இதற்கென்றே இரண்டு கருவிகள் உள்ளன. 2023-இல் சந்திரயான்-3இன் உந்துகலத்தோடு நம் நாட்டினர் அனுப்பிய 'ஷேப்' என்னும் கருவியும் பூமியிலிருந்து வரும் ஒளியின் தளவிளைவைப் பார்ப்பதற்கே. உயிர்கள் வாழும் ஒரு கோள் தொலைவிலிருந்து எப்படித் தோன்றும் என்று அறிய அது உதவும்.

உங்கள் துண்டுத் தகட்டாலும் ஓரளவு இதனைச் செய்யலாம். சூரியன் தொடுவானத்தருகே இருக்கும்போது உச்சி வானத்தைத் தகட்டின் வழியே பார்த்து, மிகப் பளிச்சென்ற நிலைக்கும் மிக இருண்ட நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பேசிக் கேமராவில் ஒரே அமைப்பில் இரண்டு படங்களாக எடுத்து வையுங்கள். கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் ஒரு சோடி, பங்குனியில் புழுதி பறக்கும் நாளில் ஒரு சோடி, தீபாவளிக்கு மறுநாள் விடியலில் ஒரு சோடி. நாள், மணி, இடம் ஆகியவற்றை மறவாமல் எழுதுங்கள். சித்திரை முதல் நாள் நண்பகலில் இன்னொன்றும் செய்யலாம். அன்று திருவில்லிப்புத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். எனவே சுற்றிலும் உள்ள தொடுவானம் முழுவதும் அதற்குச் செங்கோணத்தில் அமையும். மைக்கோட்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பிறகு கோட்டைக் கிடைமட்டமாக்கி இன்னொரு சுற்று. மலைப்பக்கம் எவ்வளவு மாறுகிறது, ஊர்ப்பக்கம் எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.